சி.டி. 'நார்மல்', எம்.ஆர்.ஐ.யில் இதய வடிவம்: எது உண்மை, டாக்டர்?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். கூடவே ஸ்கேன் ரிப்போர்ட்டுகளின் நகலும் இருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 53 வயது, பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை. பத்து வருடமாகச் சர்க்கரை, கூடவே பி.பி. மாத்திரையை 'மறந்தும் மறக்காமலும்' போடுவார். ஒரு சனிக்கிழமை இரவு தலைசுற்றி, இரண்டு முறை வாந்தி எடுத்தார். பித்தம் என்று நினைத்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு காலை எழுந்து, நடந்து போய்ப் பல் துலக்கினார். ஆறரை மணிக்கு இடது கையும் காலும் தளர்ந்தன. ஆட்டோவில் ஏற்றும்போது வலது பக்கமும் தளர ஆரம்பித்தது, நாக்குக் குழறியது. முகம் மட்டும் கோணவில்லை. ஏழே முக்காலுக்கு அருகிலிருந்த மருத்துவமனை. சி.டி. ஸ்கேன் நார்மல். "ஸ்ட்ரோக் என்றால் ஒரு பக்கம்தான் விழும், இது நரம்புத் தளர்ச்சி, ஜி.பி.எஸ். (கியான்-பாரே சிண்ட்ரோம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்)" என்று சொல்லி, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்து, திங்களன்று அதற்கான இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டு நாளில் ஒன்றரை லட்சம். செவ்வாய் இரவு மூச்சுத் திணறி வென்டிலேட்டர். புதன்கிழமை வேறு மருத்துவமனைக்கு மாற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் இரண்டு பக்கமும் ஸ்ட்ரோக் என்று தெரிந்தது. 'இதய வடிவம்' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. வென்டிலேட்டர் போய்விட்டது, தொண்டைக் குழாயும் எடுத்தாகிவிட்டது. மூக்கில் உணவுக் குழாயோடு வீட்டில் படுத்திருக்கிறார். வலது கை விரல்கள் அசைகின்றன. பேச்சு புரியும்படி இல்லை. சி.டி. பொய்யா, இதய வடிவம் என்றால் ஹார்ட்டில் கோளாறா, முதல் நாளே எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் நடந்திருப்பாரா, அந்த ஊசி கெடுத்துவிட்டதா, கேஸ் போடலாமா, வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார். கடைசி வரியில், "தினமும் காலையில் வாயைக் காட்டிக் காபி கேட்கிறார் டாக்டர். கொடுக்கலாமா?"

அம்மா, கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்.

சி.டி. பொய் சொல்லவில்லை

சி.டி.யில் உடனே தெரிவது இரத்தக் கசிவு. அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் ஸ்ட்ரோக் நோயாளிக்கு முதலில் சி.டி. எடுக்கிறோம். இரத்தக் குழாய் அடைத்து வரும் ஸ்ட்ரோக் முதல் சில மணி நேரத்தில் சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. மூளைத்தண்டில் வந்தால் இன்னும் கஷ்டம். காதுக்கு உட்புறம் இருக்கும் எலும்பு, மண்டையிலேயே கெட்டியானவற்றில் ஒன்று. எக்ஸ்ரே கதிர்கள் அதைத் தாண்டி வரும்போது படத்தில் கோடு கோடாக நிழல் விழும். முகுளம் அந்த நிழலுக்குள் இருக்கிறது, நீளம் மூன்று சென்டிமீட்டர்தான். ஆகவே, "சி.டி. நார்மல்" என்றால் "இரத்தக் கசிவு இல்லை" என்று பொருள். "ஸ்ட்ரோக் இல்லை" என்று பொருள் இல்லை.

எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்று ஒரு வரிசைப் படம் உண்டு. இரத்தம் நின்றுபோன இடத்தில் உயிரணுக்கள் வீங்கி, இடையில் இருக்கும் தண்ணீர் அலைய இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும். அந்த இடம் படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ஜோடியாக வரும் ஏ.டி.சி. என்ற படத்தில் அதே இடம் கறுப்பாக இருந்தால் அது புது ஸ்ட்ரோக். இதற்குச் சாய ஊசி தேவையில்லை. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை. 'எத்தனை ரேடியேஷன் உடம்புக்குள் போயிருக்குமோ' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

இதய வடிவம் என்பது என்ன?

ஹார்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது படத்தின் வடிவம் மட்டும்தான். முகுளத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு மேடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூளையிலிருந்து கை கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் இழைகள் இந்த மேடுகளின் வழியாகத்தான் இறங்குகின்றன. அதற்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டி, தொடு உணர்வையும் 'கால் எங்கே இருக்கிறது' என்ற உணர்வையும் மேலே கொண்டுபோகும் பாதை இருக்கிறது. இன்னும் பின்னால் நாக்கை அசைக்கும் நரம்பின் கரு. இந்த நடுப்பகுதி இரண்டு பக்கமும் அடிபட்டால், முன்னால் இரண்டு வளைவும் பின்னால் கூர்மையுமாகச் சீட்டுக்கட்டு ஆட்டின் போலவே வெள்ளையாகத் தெரியும். சிலருக்கு ஆங்கில 'ஒய்' எழுத்துப் போலவும் வரும். இருபுறமும் இப்படி வருவது மிக அபூர்வம். ஒரு பக்கத்து நடுமுகுள ஸ்ட்ரோக்கே மொத்த ஸ்ட்ரோக்கில் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்பார்கள். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால் இதை உயிரோடு இருக்கும் நோயாளியிடம் உறுதிசெய்ய வழியே இல்லை, பிரேதப் பரிசோதனையில்தான் பார்த்தார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கழுத்தின் பின்பக்கமாக இரண்டு இரத்தக் குழாய்கள் மேலே ஏறுகின்றன, பெயர் வெர்டிபிரல். அவற்றிலிருந்து பிரியும் சின்னச் சின்னக் கிளைகள்தான் இந்த நடுப்பகுதிக்கு இரத்தம் தருகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே இரு பக்கத்துக்கும் ஒரே பக்கத்துக் குழாயிலிருந்து கிளை போகும். அவர்களுக்கு அந்த ஒரு குழாய் அடைத்தால் போதும், இரு பக்கமும் படுத்துவிடும். பத்து வருடச் சர்க்கரையும், விட்டு விட்டுப் போட்ட பி.பி. மாத்திரையும் குழாய்ச் சுவரில் கொழுப்பைப் படியவிட்டிருக்கும் என்பதுதான் அதிகச் சாத்தியம். வேறு காரணங்களும் உண்டு, அதற்குக் கீழே வருகிறேன்.

முகம் கோணாததும் இதனால்தான். முகத்துக்குப் போகும் இழைகளில் பெரும்பாலானவை முகுளத்துக்கு வருவதற்கு முன்னாலேயே, மேலே பான்ஸ் என்ற பகுதியிலேயே பிரிந்து போய்விடும். சுயநினைவைத் தாங்கும் பகுதியும் மேலேதான். அதனால் அவருக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "இனிமேல் தேறுவாரா" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவர்களை ஹாலுக்கு அனுப்புங்கள்.

அந்த டாக்டர்கள் எங்கே சறுக்கினார்கள்?

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பல வருடம் முன்பு, நான் பயிற்சியில் இருந்தபோது, இதே போன்ற ஒரு நோயாளியை ஜி.பி.எஸ். என்று எழுதிவைத்தவன் நானும்தான். இரண்டு கை, இரண்டு கால், குழறல், மூச்சுத் திணறல், சி.டி. நார்மல் என்று வந்தால் கை தானாக அதைத்தான் எழுதும். 2025 தொடக்கத்தில் புனேயில் ஜி.பி.எஸ். பரவிய செய்திக்குப் பிறகு வார்டில் எல்லார் வாயிலும் முதலில் வருவதும் அதுதான்.

ஆனால் வித்தியாசங்கள் உண்டு. ஜி.பி.எஸ். பொதுவாக நாள் கணக்கில் ஏறும். உங்கள் கணவருக்கு மணிக் கணக்கில், அதுவும் முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். முந்தைய இரவே தலைசுற்றல். ஜி.பி.எஸ். முற்றும்போது பலருக்கு முகம் இருபுறமும் தளரும், இவருக்கு முகம் சரியாக இருந்து நாக்கு மட்டும் குழறியது. அப்புறம் உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்க்கும் சோதனை. மூளை, தண்டுவடப் பாதை அடிபட்டால் கட்டைவிரல் மேலே தூக்கும், ஜி.பி.எஸ்.ஸில் தூக்காது. காசு செலவில்லாத சோதனை. நீங்கள் அனுப்பிய முதல் நாள் கேஸ் ஷீட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. தட்டினால் குதிக்கும் அனிச்சை அசைவு குறைந்திருந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறது. திடீர் ஸ்ட்ரோக்கின் முதல் நாட்களிலும் அது குறையலாம். அதை மட்டும் வைத்துத் தீர்மானித்ததுதான் சறுக்கல். முதுகு நீர்ச் சோதனையும் கைகொடுத்திருக்காது. ஜி.பி.எஸ்.ஸாகவே இருந்தாலும் முதல் வாரத்தில் புரதம் ஏறாமல் இருக்கலாம்.

"முதல் நாளே எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால்…" என்ற உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடுவது வழக்கம். அதைப் போட எம்.ஆர்.ஐ. கட்டாயமில்லை. 'இது ஸ்ட்ரோக்' என்ற சந்தேகமும், 'இரத்தக் கசிவு இல்லை' என்று சொல்லும் சி.டி.யும் போதும். இரண்டாவது அவர்கள் கையில் இருந்தது, முதலாவதுதான் யாருக்கும் வரவில்லை. நீங்கள் ஏழே முக்காலுக்கே போய்விட்டீர்கள். ஆகவே ஒரு வாய்ப்பு இருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன்.

அதே மூச்சில் இதையும் சொல்கிறேன். முந்தைய இரவுத் தலைசுற்றலையே ஸ்ட்ரோக்கின் தொடக்கம் என்று கணக்கிட்டால் அந்த நேரம் தாண்டிவிட்டது என்று வாதிட இடமிருக்கிறது. இவ்வளவு அபூர்வமான ஸ்ட்ரோக்கில் அந்த மருந்து எவ்வளவு மீட்டுத்தரும் என்று உறுதியாகச் சொல்ல அனுபவமும் குறைவு. அடைப்பு, இரண்டு வெர்டிபிரலும் ஒன்று சேரும் பெரிய பேசிலர் குழாயில் இருந்தால் கதீட்டர் விட்டு எடுப்போம், இவ்வளவு மெல்லிய கிளைகளுக்குள் அது நுழையாது. போதாததற்கு, மூளைத்தண்டு ஸ்ட்ரோக் முதல் ஒரு நாளுக்குள் எடுத்த டிஃப்யூஷன் படத்தில்கூடச் சிலருக்குத் தெரியாமல் போகும். சந்தேகம் விலகாவிட்டால் ஓரிரு நாள் கழித்து, மெல்லிய வெட்டுகளாக, திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தாலே எல்லாம் தெரிந்திருக்கும் என்பதும் முழு உண்மை இல்லை.

எலுமிச்சை ஜூஸ் கொடுத்ததற்காக உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சர்க்கரையும் பி.பி.யும் இருப்பவருக்குத் திடீர்த் தலைசுற்றல் வந்து, கூடவே நடையில் தள்ளாட்டமோ, இரட்டைப் பார்வையோ, விழுங்கும்போது புரையேறுவதோ இருந்தால் அது பித்தம் இல்லை, நேரே எமர்ஜென்சிக்குப் போக வேண்டியது. ஆனால் சனிக்கிழமை இரவு தலைசுற்றலும் வாந்தியும் மட்டும்தான் இருந்தன. அதை வைத்து நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

அந்த ஊசி

இம்யூனோகுளோபுலின் இரத்தத்தைச் சற்றுக் கெட்டியாக்கும். இரத்தம் உறையும் ஆபத்து சிறிய அளவில் உண்டு என்பது தெரிந்ததே. அதனால்தான் மூச்சுத் திணறியது என்று சொல்ல முடியுமா? என்னால் முடியாது. இந்த வகை ஸ்ட்ரோக் முதல் சில நாட்களில் தானாகவே முற்றுவது சகஜம். மூச்சுத் தசைகளுக்கான கட்டளையும் இந்த வழியாகத்தான் போகிறது. ஊசியே போடாதவர்களும் வென்டிலேட்டருக்குப் போகிறார்கள்.

கேஸ் போடுவது பற்றி

நான் வக்கீல் இல்லை. இந்த மாதிரி வழக்குகளில் அபிப்பிராயம் கேட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள், அந்த அளவில் சொல்கிறேன். தவறான கணிப்பு எல்லாமே சட்டப்படி அலட்சியம் ஆகிவிடாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த நிலையில் செய்யக்கூடியதை இவர் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். கிரிமினல் வழக்குக்கு அளவுகோல் இன்னும் உயரம், 'போலீசுக்குப் போவோம்' என்று உங்கள் மைத்துனர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கால வரம்பு இரண்டு வருடம். கர்நாடக மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம்.

எதைச் செய்வதென்றாலும் முதலில் ஆவணங்களை வாங்குங்கள். நீங்கள் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதியே சொல்கிறது. கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, மருந்து சார்ட் எல்லாம் கேளுங்கள். ஸ்கேனுக்கு ஃபிலிம் மட்டும் போதாது, குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ மூலப் படங்களையே வாங்குங்கள். பிறகு சம்பந்தமில்லாத ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். 'எனக்கு நஷ்டஈடு வேண்டாம், அவர்கள் தப்பை ஒத்துக்கொண்டால் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மருத்துவமனையின் மெடிக்கல் சூப்பரிண்டெண்டிடம் கடிதம் கொடுத்து ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். சில இடங்களில் கேட்பார்கள்.

வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுக்காதீர்கள்

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி இது, எனக்கோ இதுதான் அவசரம். 'கௌரவமாக விலகிவிடலாம்' என்று அவருடைய நண்பர்கள் சொல்கிறார்கள் என்றீர்கள். வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20ஆம் பிரிவைப் பாருங்கள். அரசு நிறுவன ஊழியர் ஒருவர் பணிக்காலத்தில் ஊனமுற்றால் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லையென்றால் வேலை கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை உபரிப் பணியிடம். பொதுத்துறை நிறுவனங்களும் இதில் வரும். அவர் கையெழுத்துப் போட்டு விலகிவிட்டால் இந்தப் பாதுகாப்பும் அதோடு போய்விடும். ஊனச் சான்றிதழுக்கு இப்போதைக்கு அவசரமில்லை, நிலைமை ஓரளவு நிலைத்த பிறகு வாங்கலாம். மெடிக்கல் லீவை மட்டும் ஒழுங்காக நீட்டிக்கொண்டே போங்கள்.

இனி எந்த ஸ்கேன், என்ன சிகிச்சை?

'அடைப்பு கரைந்ததா என்று பார்க்க மாதாமாதம் எம்.ஆர்.ஐ.' தேவையில்லை. படத்தில் தழும்பு அப்படியேதான் இருக்கும், தேறுவது உடம்பில்தான் தெரியும். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டுகளில் ஒன்று குறைகிறது. கழுத்திலிருந்து மூளைவரை இரத்தக் குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம், எம்.ஆர். ஆகவோ சி.டி. ஆகவோ, எடுத்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஹார்ட் ஆஞ்சியோகிராம் வேறு, இது வேறு. வெர்டிபிரல் குழாயில் கொழுப்பு அடைப்பா, அல்லது உட்சுவர் கிழிந்திருக்கிறதா என்பது இதில் தெரியும். மருந்தைத் தீர்மானிக்க அது வேண்டும். சி.டி. வகைக்குச் சாய ஊசி உண்டு, சர்க்கரைக்காரர் என்பதால் முதலில் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தச் சோதனை) பார்த்துவிடுங்கள். எக்கோவும், ஒரு நாள் முழுக்க இ.சி.ஜி. பதிவும் எடுக்கச் சொல்லுங்கள். ஹார்ட்டைப் பார்ப்பது படத்தின் வடிவத்துக்காக இல்லை, அங்கிருந்து இரத்தக் கட்டி கிளம்பியிருக்கலாம் என்பதற்காக. ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

நடப்பாரா? இந்த வகை ஸ்ட்ரோக் கடுமையானது, பலர் படுக்கையோடு தங்கிவிடுகிறார்கள், சிலர் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். ஆறு வாரத்தில் வென்டிலேட்டரும் தொண்டைக் குழாயும் இல்லாமல், விரல்கள் அசைய வீட்டுக்கு வந்திருப்பது நல்ல பக்கத்தில் சேரும். அதிக முன்னேற்றம் முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வரும், அதற்குப் பிறகும் மெதுவாக வரும். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போகும் பிசியோதெரபி போதாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் மறுவாழ்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது, அல்சூரிலிருந்து தூரமும் இல்லை. காலைத் தரையில் வைத்ததே அவருக்குத் தெரியாது, அந்த உணர்வுப் பாதையும் அடிபட்டிருக்கிறது. கண்ணால் பாதத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கப் பழக்குவார்கள். பேச முடியாத எரிச்சலுக்கு இப்போதே ஒரு அட்டையில் தமிழ் எழுத்துகளை எழுதி வைத்து, விரலால் காட்டச் சொல்லுங்கள்.

சரி, காபி. விழுங்கும் நரம்புகள் முகுளத்தில்தான் குடியிருக்கின்றன. இருமலே வராமல் காபி நேராக நுரையீரலுக்குள் இறங்கலாம். இந்த நோயாளிகளை வீட்டில் வைத்து நாங்கள் இழப்பது பெரும்பாலும் அப்படி வரும் நிமோனியாவால்தான். தண்ணீர் மாதிரி இருப்பதுதான் மிக ஆபத்து, கெட்டியாக இருப்பது கொஞ்சம் மேல். பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் ஒருவர் பார்த்து, தேவைப்பட்டால் மெல்லிய கேமராவை மூக்குவழி விட்டோ எக்ஸ்ரே வீடியோ எடுத்தோ சோதித்த பிறகே வாய்வழி எதுவும். அதுவரை தினம் இருமுறை பிரஷ்ஷால் வாயைச் சுத்தம் செய்யுங்கள், குழாயில் ஊற்றும்போதும் பிறகு அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இவருக்கு முதலில் பழக்க வேண்டியது கஞ்சியும் ஜூஸும் இல்லை, காபி, அதுவும் சர்க்கரை போடாதது. பிழிந்த பஞ்சில் ஒரு சொட்டுச் சுவை காட்டுவதிலிருந்து அவர் தொடங்கக்கூடும்.